சவர்டோ ஸ்டார்ட்டரில் சீஸ் வாஃபிள்: மொறுமொறுப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது

வெந்தயப்பூ (மினியாபொலிஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு சவர்டோ ஸ்டார்ட்டர் (ரொட்டிக்காக மாவும் தண்ணீரும் கலந்து, அவ்வப்போது புது மாவு ஊட்டிப் புளிக்க வைத்திருக்கிற மாவு) வளர்க்கிறேன், வாரம் ஒரு ரொட்டி சுடுகிறேன். ஒவ்வொரு தடவை புது மாவு ஊட்டும்போதும் பழையதில் பாதியை எடுத்துவிட வேண்டியிருக்கிறது, எனக்கோ மாவைக் குப்பையில் கொட்ட மனசே வருவதில்லை, அதனால் எடுத்ததையெல்லாம் ஒரு ஜாடியில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டே வந்தேன். இப்போது ஜாடி நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் இனிப்பு வாஃபிள் (இரண்டு சூடான தட்டுக்கு நடுவே மாவை ஊற்றிக் கட்டம் கட்டமாகச் சுடுவது) யாருக்கும் ஓடாது. அதனால் சீஸ், மிளகு, வெங்காயத்தாள் போட்டு, பக்கத்தில் ஒரு முட்டையோடு காலைச் சாப்பாடாகச் செய்யலாம் என்று ஆரம்பித்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். மூன்றும் சரியில்லை. முதல் குறை, புளிப்பு நாக்கைப் பிடித்து இழுக்கிறது. இரண்டாவது, மெஷினிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது, மேசைக்குக் கொண்டுபோவதற்குள் நனைந்த துணி மாதிரி துவண்டுவிடுகிறது. மூன்றாவது, போன வாரம் சீஸ் தட்டில் ஒட்டிக்கொண்டு வாஃபிள் மேல் பாதி தனி, கீழ்ப் பாதி தனி என்று பிளந்தது. நிறமும் வெளுப்பாகத்தான் வருகிறது.

நான் போட்ட அளவு: ஜாடியில் இருந்த ஸ்டார்ட்டர் 240 கிராம், முட்டை 1, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, பாக்கெட்டில் துருவி வரும் மொஸரெல்லா சீஸ் 150 கிராம். வேறு மாவு எதுவும் சேர்க்கவில்லை. எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்பிரியை (டொராண்டோ)

வெந்தயப்பூ, ஜாடியில் கிடந்த மாவை மட்டுமே வைத்துச் செய்தால் அப்படித்தான் வரும். நான் முதல் நாள் இரவே கலந்து வைக்கிற ஆள். போன கிழமை கூடச் செய்தேன், அளவைத் தருகிறேன்.

இரவு: ஸ்டார்ட்டர் 120 கிராம் (மாவும் தண்ணீரும் சம எடையில் வளர்ப்பது), மைதா 180 கிராம், கெட்டி மோர் 300 மில்லி, சீனி ஒரு தேக்கரண்டி. இங்கே கடையில் விற்கிற பட்டர்மில்க் கெட்டியாக இருக்கும். வீட்டு மோர் என்றால் தயிரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. வடிவாகக் கலந்து, மூடி, சமையலறை மேசையிலேயே விட்டுவிட வேண்டும். காலையில் மேலே குமிழ் குமிழாக நிற்கும்.

காலையில்: முட்டை 2, உருக்கின வெண்ணெய் 60 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக, சமையல் சோடா 3 கிராம் (அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல்), துருவின செடார் சீஸ் 120 கிராம். எங்களுக்கு உறைப்பு வேண்டும் என்பதால் இரண்டு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் பொடியாக அரிந்து போடுவேன். முட்டையை மட்டும் இரவிலேயே போட்டுவிடாதீர்கள், வெளியில் இரவு முழுக்க பச்சை முட்டை இருக்கக் கூடாது. எங்கள் மெஷினில் ஆறு வட்ட வாஃபிள் வரும்.

அம்மாவுக்கு அப்ப மா இரவில் பொங்க வைத்த பழக்கம், அதனால் இந்த முறையை ஒரு தடவை சொன்னதுமே பிடித்துக்கொண்டார், இப்போது எங்கள் வீட்டில் வாஃபிள் மா கலப்பது அவர்தான்.

நுரைப்பு

பாண்பிரியை அக்கா சொன்ன அளவு சரி. ஏன் சரி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் வெந்தயப்பூ தன் ஜாடிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

240 கிராம் ஸ்டார்ட்டர் என்றால் அதில் மாவு 120 கிராம்தான், மீதி தண்ணீர். அந்த 120 கிராமும் வாரக்கணக்கில் புளித்த மாவு. லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்துகொண்டே போயிருக்கும், மாவில் இருக்கிற புரதத்தை நொதிகள் அறுத்துப் போட்டிருக்கும். ரப்பர் மாதிரி இழுக்கிற தன்மை போய் கஞ்சி மாதிரி ஓடும். அதை மட்டும் வைத்து வாஃபிள் சுட்டால் புளிப்பு இருக்கும், உள்ளே தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. உங்கள் வாஃபிள் இரண்டாகப் பிளந்ததற்கு அதுவும் ஒரு காரணம், பழியை முழுக்க சீஸ் மேல் போட வேண்டாம்.

அடுத்தது பேக்கிங் பவுடர். அதற்குள்ளேயே சோடாவும் அதற்கு வேண்டிய அமிலமும் கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மாவில் இருக்கிற புளிப்பை அது பெரிதாகத் தொடாது, அப்படியே விட்டுவிடும். வெறும் சமையல் சோடா போட்டால் மாவின் அமிலத்தோடுதான் அது சேர வேண்டும், வேறு வழியில்லை. அப்போது புளிப்பும் குறையும், காற்றும் வரும். ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது.

நிறத்துக்கும் இதுதான் விடை. புளித்த மாவு சீக்கிரம் பழுப்பாகாது. சோடா அமிலத்தைக் குறைத்ததும் நன்றாகச் சிவக்கும். ஆனால் கை தாராளமாகப் போய்விட்டால் சோப்பு வாடை அடிக்கும். 120 கிராம் ஸ்டார்ட்டர், 300 மில்லி மோர் என்ற கணக்குக்கு 3 கிராம், மோர் ரொம்பப் புளித்திருந்தால் 4 கிராம். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த வாஃபிளில் ஸ்டார்ட்டரை மாவைத் தூக்கி நிறுத்துகிற பொருளாக நினைக்காதீர்கள். தூக்கி நிறுத்துவது சோடா. ஸ்டார்ட்டர் தருவது ருசி. இது புதிதல்ல. 1896இல் கனடாவின் க்ளோண்டைக் பக்கம் தங்கம் கிடைத்த பிறகு வடக்கே போன தங்கவேட்டைக்காரர்கள் புளிமாவைக் கூடவே வைத்திருந்தார்கள், உறைந்துபோகாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துத் தூங்கினார்கள் என்றும் சொல்வார்கள். அங்கே பழகிப்போன பழைய ஆட்களுக்கே 'சவர்டோ' என்று பெயர் வந்தது. அந்த மாவில் சோடா போட்டுத் தட்டையாகச் சுட்ட ஹாட்கேக்கை இன்றைக்கும் அலாஸ்காவில் காலைச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள். வாஃபிள் அதற்குத் தம்பி முறை.

இரும்புச்சட்டி (ஷ்டுட்கார்ட்)

துவண்டு போவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் நிறைய நாள் தவித்திருக்கிறேன். மாவு எப்படி இருந்தாலும், எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. வெந்தயப்பூ, சுட்டதை எங்கே வைக்கிறீர்கள்? பீங்கான் தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறீர்கள் என்றால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. சூடான வாஃபிளுக்குள் இருக்கிற நீராவி வெளியே வந்துதான் தீரும். கீழே தட்டு தடுத்தால் திரும்ப வாஃபிளுக்குள்ளேயே போகும். கேக் ஆற வைக்கிற கம்பித்தட்டு ஒன்றை எடுத்து, கேக் சுடுகிற அடுப்பை 100 டிகிரி செல்சியஸில் வைத்து, அதற்குள் கம்பித்தட்டின் மேல் ஒற்றை வரிசையாக வையுங்கள். கடைசி வாஃபிள் முடியும்வரை முதல் வாஃபிள் மொறுமொறுப்பாகவே காத்திருக்கும்.

இரண்டாவது, மெஷினில் பச்சை விளக்கு எரிந்ததும் திறக்காதீர்கள். விளக்கு என்ன சொன்னாலும் ஆவியைப் பாருங்கள். ஓரத்தில் ஆவி கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் திறந்தால் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஒட்டி நடுவில் கிழியும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, 180 கிராம் மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் கார்ன்ஃப்ளோர் போடுங்கள், வெள்ளையாக வழுவழுவென்று இருக்குமே அது, மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. இரவில் சேர்க்க வேண்டாம், காலையில் சேர்த்தால் போதும்.

நான் மின்சார மெஷினை விட்டுவிட்டு அடுப்பில் வைத்துத் திருப்புகிற வார்ப்பிரும்பு அச்சுக்கு வந்துவிட்டேன். கீல் வைத்து, கைப்பிடியைப் பிடித்து அப்படியே புரட்டுகிற இந்த மாதிரி அச்சுக்கு நியூயார்க் மாநிலத்து ட்ராய் ஊர்க்காரர் கார்னீலியஸ் ஸ்வார்ட்வௌட் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை வாங்கினார், அமெரிக்காவில் அந்தத் தேதியை வாஃபிள் நாளாகவே வைத்திருக்கிறார்கள். கனமான இரும்பு என்பதால் குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சூடு இறங்காது. புதிதாக வாங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இருப்பதை மாற்ற வேண்டாம், மூடி நன்றாகச் சூடாகும்வரை பொறுத்தால் போதும்.

வெந்தயப்பூ

ஆமாம் இரும்புச்சட்டி அண்ணா, பீங்கான் தட்டில்தான் அடுக்கினேன். ஐந்தாறு சுட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று.

நேற்று பாண்பிரியை அக்கா அளவில் செய்தேன். ஆனால் காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று சோடாவையும் இரவிலேயே போட்டுக் கலந்துவிட்டேன். காலையில் மாவு தட்டையாகக் கிடந்தது, வாஃபிளும் கனமாக வந்தது. ருசி மட்டும் எவ்வளவோ மேல். புளிப்பு அளவாக, சீஸோடு சேர்ந்து நின்றது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நுரைப்பு

சோடா அமிலத்தைத் தொட்ட நிமிடத்திலிருந்து காற்றை விட ஆரம்பித்துவிடும். இரவில் போட்டால் அந்தக் காற்று இரவிலேயே போய்விடும், அப்புறம் ராத்திரி முழுக்க மாவு புதிதாகப் புளிக்கும், அந்தப் புளிப்பை எடுக்கக் காலையில் சோடா மிச்சம் இருக்காது. மெஷின் சூடாகி, மற்ற எல்லாம் கலந்து முடித்து, கடைசியாக ஒரு கரண்டித் தண்ணீரில் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். மாவு கண் முன்னால் உப்பி எழும். அப்போதே சுட ஆரம்பித்துவிட வேண்டும்.

கோவைஅடுப்பு

நல்ல இழை, முழுவதும் படித்தேன். எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று, கோவையில் இப்போது வெயில் காலம், இரவு முழுக்க வெளியே வைத்தால் பொங்கி வழிந்துவிடாதா? இரண்டு, இங்கே பக்கத்துக் கடையில் க்யூபாக வருகிற பிராசஸ்டு சீஸ்தான் கிடைக்கும், இல்லாவிட்டால் பனீர். அதில் வருமா? மூன்று, எங்கள் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக வேறு ஒன்று செய்து கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, எல்லோரும் ஒரே வாஃபிளைச் சாப்பிட வேண்டும்.

பாண்பிரியை

வெயில் காலத்துக்கு இரவெல்லாம் வேண்டாம் தங்கச்சி. நாலைந்து மணி நேரம் வெளியில், குமிழ் வந்ததும் ஃபிரிட்ஜ். அவ்வளவுதான். இங்கே பனிக்காலத்தில் எனக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது, உங்களுக்கு அதில் பாதி கூட ஆகாது.

நுரைப்பு

சீஸ் பற்றி. பனீர் உருகாது. பாலைப் புளிப்பு போட்டுத் திரித்துச் செய்வதால் எவ்வளவு சூடு பண்ணினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ருசிக்கு உள்ளே போடலாம், மொறுமொறுப்புக்கு உதவாது. பிராசஸ்டு சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகள் சேர்த்திருப்பார்கள், அதனால் வழுவழுவென்று உருகும், ஆனால் வலை மாதிரி முறுகாது. மாவுக்குள் கலப்பதற்கு அதுவே போதும். ஏற்கெனவே உப்பு அதிகம், நீங்கள் தனியாக உப்பே போட வேண்டாம்.

வெந்தயப்பூவின் மொஸரெல்லாவுக்கும் வருகிறேன். பீட்ஸாவுக்குப் போடுகிற மொஸரெல்லாவிலேயே கிட்டத்தட்டப் பாதி எடை நீர்தான். செடாரில் 37 சதவீதம் போல, பார்மசானில் 30 சதவீதம் போல. வாஃபிளை மொறுமொறுப்பாக்க வேண்டும் என்று நினைக்கிறவர் 150 கிராம் மொஸரெல்லாவை உள்ளே கொட்டினால் ஒரு டம்ளரில் கால் பங்குத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிய மாதிரி. பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், அதனால் சரியாக உருகிப் பரவாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது.

இரும்புச்சட்டி

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எந்தச் சீஸ் என்பதைவிட, எங்கே போடுகிறோம் என்பது பெரிய விஷயம். நீங்கள் எல்லோரும் மாவுக்குள் கலக்கிறீர்கள். உள்ளே போன சீஸ் மாவோடு மாவாகிவிடும், வாசனை வரும், கடிக்கும்போது சீஸ் என்று தெரியாது. நான் 120 கிராமில் 50 கிராமைத்தான் உள்ளே போடுகிறேன். மீதி வெளியே. சூடான கீழ்த்தட்டில் ஒரு பிடி பழைய செடாரும் கொஞ்சம் பார்மசானும் நேரடியாகத் தூவி, அது சீறும்போதே மேலே மாவை ஊற்றி, மாவின் மேலும் ஒரு பிடி தூவி மூடிவிடுவேன். சீஸில் இருக்கிற கொழுப்பு வெளியே வந்து, அந்தக் கொழுப்பிலேயே சீஸ் பொரிந்து, தோசை ஓரத்து முறுகல் மாதிரி வாஃபிளைச் சுற்றி ஒரு பொன்னிற வலை நிற்கும். இத்தாலியில் ஃப்ரியுலி பக்கத்தில் ஃபிரிக்கோ என்று சீஸைத் தனியாகவே இப்படிச் சட்டியில் முறுக விடுவார்கள், அதே வேலைதான்.

பாண்பிரியை

தட்டில் நேரே போட்டால் ஒட்டாதா? என் மெஷின் பழசு, மேல்பூச்சு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இரும்புச்சட்டி

பாதியில் திறந்தால் ஒட்டும். உருகிய நிலையில் சீஸ் பசை, முறுகிய பிறகு அது தானாகத் தட்டை விட்டுவிடும். ஆவி நின்று இன்னொரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் ஒன்று, எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதில் லெசித்தின் என்கிற ஒரு பொருள் இருக்கும், சூட்டில் அது பிசின் மாதிரி தட்டில் படிந்துவிடும், உங்கள் மெஷின் ஒட்டுவதற்கு மேல்பூச்சு தேய்ந்ததைவிட அந்தப் படிவு காரணமாக இருக்கலாம். தூரிகையால் சாதாரண எண்ணெய் தடவினால் போதும்.

உள்ளே 50, வெளியே 70 என்று ஒரு தடவை செய்து பாருங்கள் அக்கா. அப்புறம் திரும்பிப் போக மாட்டீர்கள்.

கோவைஅடுப்பு

முட்டை இல்லாமல் நேற்று செய்து பார்த்தேன், யாரும் பதில் சொல்லாததால் நானே இறங்கிவிட்டேன். முட்டைக்குப் பதில் 2 மேசைக்கரண்டி கடலை மாவு, 80 மில்லி தயிர், வெண்ணெய் 60 கிராமுக்குப் பதில் 75 கிராம். கார்ன்ஃப்ளோர், இரும்புச்சட்டி அண்ணா சொன்னபடியே. முதல் வாஃபிள் கிழிந்தது, ஏனென்றால் முட்டை போட்டதற்கு எடுக்கிற நேரத்திலேயே திறந்துவிட்டேன். இரண்டாவதை ஏழு நிமிடம் விட்டேன், முழுசாக வந்தது. முட்டை போட்டது போல லேசாக இருக்காது, கொஞ்சம் அழுத்தமாக, அடை மாதிரி இருக்கிறது. பிராசஸ்டு சீஸை உள்ளே மட்டும் போட்டேன். கறிவேப்பிலையும் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும். மாமியார் இரண்டு சாப்பிட்டுவிட்டு, மாவில் என்ன புளிக்க வைத்தாய் என்று கேட்டார்கள். ஜாடியைக் காட்டினேன், மூடியைத் திறந்து மோந்து பார்த்து, பழைய சோற்று வாசனை வருகிறது என்றார்கள். உண்மையிலேயே வருகிறது, எனக்குத்தான் இவ்வளவு நாள் பெயர் சொல்லத் தெரியவில்லை.

நுரைப்பு

அவர்கள் மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. பழைய சோற்றுத் தண்ணீரையும் சவர்டோவையும் புளிக்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். இட்லி மாவிலும் அதே குடும்பம், ஆனால் அங்கே பொங்க வைப்பதில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு, சவர்டோவில் அந்த வேலையைப் பெரும்பாலும் காட்டு ஈஸ்ட் செய்கிறது.

வெந்தயப்பூ, ஜாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே கறுப்பாகத் தண்ணீர் நின்றால் பயப்பட வேண்டாம், பசியில் இருக்கிற மாவு விட்ட சாராயத் தண்ணீர் அது, கொட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலோ பூஞ்சை படர்ந்திருந்தாலோ, சுரண்டிவிட்டுப் பயன்படுத்துகிற யோசனையே வேண்டாம், முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள்.

வெந்தயப்பூ

இன்றைக்கு வந்துவிட்டது! காலையிலிருந்து சந்தோஷத்தில் இருக்கிறேன்.

ஜாடியில் கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது, வேறு நிறம் இல்லை, கொட்டிவிட்டு 120 கிராம் எடுத்தேன். இரவு பத்து மணிக்கு மோரும் 150 கிராம் மைதாவும் சேர்த்துக் கலந்தேன். காலை ஏழரைக்குக் குமிழ் நிறைய. கார்ன்ஃப்ளோர் 30, முட்டை, வெண்ணெய், உள்ளே 50 கிராம் செடார், வெங்காயத்தாள், மிளகு, உப்பு கால் தேக்கரண்டி. மெஷினைப் பதினைந்து நிமிடம் சூடாக்கினேன். கடைசியில் சோடாத் தண்ணீர். நுரைப்பு சொன்ன மாதிரியே கரண்டியைச் சுற்றி மாவு எழுந்தது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தட்டில் சீஸ் தூவியதும் வந்த வாசனைக்கே மகன் எழுந்து வந்துவிட்டான். ஆறு நிமிடம். ஆவி நின்ற பிறகும் ஒரு நிமிடம் பொறுத்தேன், அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம். மூடியைத் தூக்கினால் வாஃபிள் தானாக நழுவி வந்தது. ஓரத்தில் வலை. நிறம் நல்ல பழுப்பு. கம்பித்தட்டில் வைத்து அடுப்பில் விட்டேன், கடைசி வாஃபிள் முடியும்போது முதல் வாஃபிளை உடைத்தால் சத்தம் கேட்டது. புளிப்பு கடைசியில்தான் லேசாகத் தெரிகிறது, செடாரின் காரத்துக்குப் பின்னால். வெண்ணெய் கூடத் தேவைப்படவில்லை, அரைவேக்காட்டு முட்டையை உடைத்து மேலே விட்டுச் சாப்பிட்டோம்.

மூன்று மிச்சம் இருக்கிறது. ஃப்ரீசரில் வைக்கலாமா?

பாண்பிரியை

தாராளமாக வைக்கலாம். முதலில் கம்பித்தட்டில் முழுக்க ஆற விடுங்கள், இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே பனி கட்டிவிடும். நடுவில் பட்டர் தாள் வைத்துப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நான் ஒரு மாதம் வரை வைத்திருக்கிறேன். எடுத்ததும் உறைந்தபடியே 180 டிகிரி அடுப்பில் ஏழெட்டு நிமிடம், அல்லது டோஸ்டரில் இரண்டு சுற்று. டோஸ்டர் என்றால் ஓரத்து வலையை உடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், சீஸ் உள்ளே விழுந்து புகையும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

இரும்புச்சட்டி தம்பி, 50க்கு 70 செய்து பார்த்தேன். ஒட்டவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு இரட்டை அளவு கலக்கச் சொல்லி அம்மா இப்போதே பெரிய சட்டியை எடுத்து வைத்துவிட்டார்.